பக்கம் 117, ஆறாம் வரி

தொண்டியில் வலைக்கடைக்கு மேல்மாடி.
வாடகை நாலாயிரம்,
கருவாட்டு வாசனை அதில் சேர்த்தி.
ஆண்டுக்கு நாலு புத்தகம் போடுகிறோம்,
ஒவ்வொன்றும் ஐந்நூறு.
விற்பது நூற்றெழுபது, கொடுப்பது நூறு,
மிச்சத்தின்மேல் தலைவைத்து நெய்னார்
லுஹருக்கும் அஸருக்கும் நடுவே தூங்குவார்.

பதிப்பகத்துக்குப் பெயர் வைத்த அன்று
மின்கட்டண அட்டையின் பின்பக்கம்
மூன்று விதி எழுதினோம்.
யாரையும் சிறுமைப்படுத்திக் காசு பார்ப்பதில்லை.
எழுதியவருக்குக் கூலி முதலில், அச்சகத்துக்குப் பிறகு.
மூன்றாவது ஈரத்தில் அழிந்துவிட்டது.
அது இறைவனைப் பற்றியது என்பார் நெய்னார்.
கணக்கைப் பற்றியது என்பது என் நினைவு.

போன ஆவணியில் வந்தது
'கடல் வைத்துக்கொண்டவர்கள்.'
முப்பது ஆண்டில் இந்தக் கரையிலிருந்து போய்த்
திரும்பாதவர்களின் பெயர், வயது, படகு.
கதை இல்லை, படம் இல்லை.
நம்புதாளை, மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி என்று
ஸ்கூட்டியில் அலைந்து பாக்கியமேரி சேர்த்தது.
நாலுமுறை மெய்ப்புப் பார்த்தேன்.
சாவில் ஒற்றுப்பிழை இருக்கக் கூடாது.

பத்தாம் நாள் பூமயில் வந்தாள், முள்ளிமுனைக்காரி.
நண்டு பிரித்த கையை
முந்தானையில் துடைத்துவிட்டுத்தான்
புத்தகத்தைத் தொட்டாள்.
நூற்றுப் பதினேழைத் திருப்பச் சொன்னாள்.
சத்தமாக வாசிக்கச் சொன்னாள்.
'களஞ்சியம், 34, நாட்டுப்படகு.'

"அவுக செத்தாகன்னு ஒங்ககிட்ட யாரு சொன்னா?"

பதினோரு வருடம்.
ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது.
நிவாரணத் தாளில் அவள் கையெழுத்து இல்லை,
போட்டிருந்தால் வீடு ஓடு மாறியிருக்கும்.
மகளின் பள்ளிப் படிவத்தில்
தந்தை தொழில்: மீன்பிடி.

"பொஸ்தகத்துல போட்டா
அது நெசமாயிரும்ல?"

இருபத்திரண்டு வருடத்தில்
புத்தகத்தின்மேல் இவ்வளவு நம்பிக்கையோடு
ஒருவரும் எங்கள் மாடி ஏறியதில்லை.

அறையில் முந்நூற்று எண்பத்தெட்டுப் பிரதி.
பாக்கியமேரிக்குக் கோபம்.
ஒருத்திக்காக ஆவணத்தில் ஓட்டை போடுவதா?
நாளைக்கு இன்னொருத்தி வந்தால்?
அவள் கேட்டதும் சரி.
அந்த இரவு மூன்று பேரும் சரியாக இருந்தோம்,
எதுவும் நடக்கவில்லை.

விடிந்ததும் நெய்னார்
மைதா காய்ச்சி எடுத்துவந்தார்.

வெள்ளைத் தாளை ஒரு வரி அகலத்துக்கு நறுக்கி
பிரதி பிரதியாக ஒட்டினோம்.
பதினோரு மணிக்கு மேல் பாக்கியமேரியும் உட்கார்ந்தாள்.
பேசவில்லை.
கோணல் ஒட்டுகளைப் பிரித்து
நேராக்கியது அவள்தான்.
வெளியூர் போய்விட்டவற்றுக்கு அஞ்சலட்டை:
'பக்கம் 117, ஆறாம் வரியை
மூடிவைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.
காரணம்: வீட்டில் காத்திருக்கிறார்கள்.'

மதுரையிலிருந்து ஒரு நூலகர் கூப்பிட்டார்.
இது எந்த வகைப் பிழைதிருத்தம், எப்படிப் பதிவது?
அந்த அழிந்த மூன்றாம் விதியில்
இருந்திருக்கலாம் பதில்.
கொஞ்ச நேரம் பொறுங்கள் என்று சொல்லி
பொறுக்க வைத்துவிட்டு
நானே வைத்துவிட்டேன் போனை.

ஐப்பசியில் வாடை திரும்பியது.
ஈரம் மைதாவைத் தின்றது.
ஒட்டிய தாள்கள் ஓரம் தூக்கி
'கள' என்று இரண்டு எழுத்து எட்டிப்பார்த்தன.
பசை டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தபோது
பூமயில் மறுபடி வந்தாள்.
ஒரு பிரதி வேண்டுமாம்.

"ஒம்பதாவது வரி எங்கண்ணன்.
அது இருக்கட்டும்."

எழுபது ரூபாய், எல்லாம் சில்லறை.
நெய்னார் எண்ணி வாங்கிப் பெட்டியில் போட்டார்.
வேண்டாம் என்றிருந்தால்
அவள் எடுத்திருக்க மாட்டாள்.

நின்றபடியே நூற்றுப் பதினேழைப் பிரித்தாள்.
தூக்கிய ஓரத்தைக் கண்டாள்.
நாங்கள் மூவரும்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்,
அங்கே பார்க்க எதுவும் இல்லை, கடல்தான்.
கட்டைவிரலை நாக்கில் தொட்டு
அந்த வரியின்மேல் வைத்து அழுத்தினாள்,
தூக்கத்தில் போர்வை விலகிய ஆளுக்கு
இழுத்துவிடுவது மாதிரி.

பிறகு கேட்டாள்,
பை ஒன்று இருக்குமா, மழை வருது.